சஸ்கட்டூன் என்று வைத்துக்கொள்வோம்

சஸ்கட்டூன் என்று வைத்துக்கொள்வோம்.
ஓர் ஆறு, அதன்மேல் ஏழெட்டுப் பாலங்கள்,
கதவைத் திறந்தால் மூக்குக்குள் உறையும் காற்று.
உண்மை இந்த அளவுக்குப் போதும்.

என் பெயர் நிரோஜினி.
அதுவும் வைத்துக்கொள்வதுதான்.

வந்த முதற்கிழமை
காப்பகத்து டார்லீன் பக்கத்தில் இருந்து
புதுக் கைபேசியில் ஒவ்வொன்றாய் அணைத்துத் தந்தாள்.
இருப்பிடம் காட்டுவது.
தொலைபேசி எண்ணால் என்னைக் கண்டுபிடிப்பது.
‘இவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ என்பது.
தெரிந்தவர்தான்.
அதற்காகத்தான் டார்லீன், இந்தக் குளிர், எல்லாம்.

பிறகு வங்கி கேட்டது:
உங்கள் முதல் செல்லப்பிராணியின் பெயர்?
அவனுக்குத் தெரியும்.
தாயார் பிறந்த ஊர்?
அவனுக்குத் தெரியும்.
சின்ன வயதில் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள்?
அதைச் சொல்லித்தான் கதவைத் தட்டுவான்.
ஒன்பது வருடம் ஒருவனோடு ஒரே கூரைக்குள் இருந்தவளிடம்
வங்கிக்கென்று எடுத்துவைத்த இரகசியம்
என்ன மிச்சம் இருக்கும்?

ஆகவே பொய் சொல்லப் பழகினேன்.
என் முதல் நாயின் பெயர் செவ்வாய்க்கிழமை.
அம்மா பிறந்தது முள்ளங்கியில்.
சின்ன வயதில் என்னைக் கூப்பிட்டது: குடை, நாற்பத்தேழு, குடை.
பொய்களை ஒரு கொப்பியில் எழுதி
அரிசி வாளிக்குள் தாட்டு வைத்திருக்கிறேன்.
சோறு வைக்கும்போதெல்லாம் விரலில் இடறும்.

பலசரக்குக் கடையின் செயலிக்குப்
பிறந்தநாளையும் மாற்றித்தான் கொடுத்தேன்.
அந்த நாள் வந்தபோது திரை நிறையப் பலூன்கள்,
இலவசமாய் ஒரு சொக்லேற் கேக்.
பிறக்காத நாளில் மெழுகுதிரி ஊதினேன்.
பிறந்த நாளில்
பத்தொன்பதாம் இலக்கப் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தேன்.

‘ஊர்பேர் தெரியாதவள்’ என்று
மாமி ஒருநாள் ஏசினா.
அப்போது அழுதேன்.
இப்போது அதைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்துக்கொண்டு
நித்திரை கொள்கிறேன்.

பள்ளிக்கூடப் படிவத்தில்
படம் வெளியிடச் சம்மதமா என்ற இடத்தில்
இல்லை என்று அழுத்திக் கோடிட்டேன்.
வகுப்புப் படம் வந்தது.
இருபத்திரண்டு பிள்ளைகளின் சிரிப்பு.
பின்வரிசையில் என் மகனுக்கு
முகம் இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு மஞ்சள் சூரியன்.
ஆசிரியைக்கு நல்ல மனது.
அன்றிரவு அவன் எங்கள் இருவரையும் வரைந்தான்,
இரண்டு சூரியன்கள், நான்கு கால்கள்.
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன்.

தை மாதம், தேவாலயத்து நிலவறையில் பொங்கல்.
பதினாலு குடும்பங்கள்.
நான் தூணுக்குப் பின்னால் நின்று வடை சுட்டேன்.
குகநேசன் கைபேசியைத் தூக்கிக்கொண்டு சுற்றிவந்தான்.
எண்ணெய்ச் சட்டி, துளைக்கரண்டி,
கரண்டி பிடித்த கை,
மணிக்கட்டுத் தழும்பு.
பதினொரு நிமிடம் அது உலகத்தில் இருந்தது.

அழிக்கச் சொன்னேன்.
“அக்கா, உங்களை ஆர் தேடப்போகினம்?” சிரித்தான்.
நானும் சிரித்தேன்.
பிறகு என் கையைப் பார்த்தான்,
ஒன்றும் கேட்காமல் அழித்தான்.

பார்த்தவர்களின் பட்டியலை மட்டும் காட்டச் சொன்னேன்.
நாற்பத்து மூன்று பேர்.
கலியாணச் சேலைகள், கார்கள், குழந்தைகள், ஒரு முருகன்.
நடுவே
படம் போடாத ஒரு சாம்பல் தலை,
பெயரென்று மூன்று எழுத்தும் ஓர் எண்ணும்.
அவனாக இருக்கலாம்.
ஆனால் திரையில் நானும் அப்படித்தான் இருக்கிறேன்:
சாம்பல் தலை, மூன்று எழுத்து, ஓர் எண்.
இன்னொரு நகரத்தில், இன்னொரு தூணுக்குப் பின்னால்
யாருடைய கைகளையோ பார்த்துக்கொண்டிருக்கும்
ஒருத்தியாகவும் இருக்கலாம்.
விடியும்வரை தலைமுடியில் எண்ணெய் மணத்தது.

இனிச் சொல்கிறேன்.
ஊர் சஸ்கட்டூன் இல்லை.
மகன் இல்லை, மகள்.
வடையும் இல்லை.
அரிசி வாளியில் தேடவேண்டாம்.
சூரியன் உண்மை. தழும்பு உண்மை.
எந்தக் கையென்று சொல்லமாட்டேன்.